கேப்டன் அன்னக்கூடையின் ஆர்டர்

யோமைரா ஒரோஸ்கோவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவளுடைய வாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கொலம்பியாவில் எங்கள் பாரன்கீயா ஊரில் வாயாடிகளுக்குப் பஞ்சமில்லை. நானே ஒன்றும் ஊமைக் கோட்டான் அல்ல. ஆனால் யோமைரா தெருவில் இறங்கினால் மீன்காரன் தன் தராசை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வான். புருஷன் போனபின் ஒற்றைத் தையல் மெஷினை வைத்து ஒரு பையனை ஆளாக்கினாள் என்றால் அது அந்த வாயால்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பிழைத்தாள். அதே வாய்தான் அவளைக் கெடுக்கவும் செய்தது.

அவள் தைப்பது மரிமோந்தா முகமூடி. கார்னிவல் திருவிழா வந்தால் எங்கள் ஊரில் பாதிப்பேர் மரிமோந்தாதான். தொங்கும் நீள மூக்கு, முறம் மாதிரி காது, கண்ணைச் சுற்றித் தடித்த வளையம், தலையோடு கவிழ்த்துக்கொள்ளும் துணி முகமூடி. அதைப் போட்டுக்கொண்டால் யார் பணக்காரன், யார் பரதேசி என்று தெரியாது. யாரை வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம். யோமைரா தைக்கும் மூக்கு மழையில் நனைந்தாலும் தொய்யாது. அந்த வித்தை என்ன என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

அவள் பையன் எல்கின். மழை பெய்தால் எங்கள் தெரு ஆறாகி ஓடும். அவனுக்கு நாலு வயதிருக்கும்போது, துணி அலசுகிற பெரிய அலுமினிய அன்னக்கூடையில் ஏறி உட்கார்ந்து, தலையில் மரிமோந்தா முகமூடியோடு, அந்த வெள்ளத்தில் மூலைக்கடை வரை மிதந்து போய்விட்டான். கடைக்காரர்தான் காலால் தடுத்துப் பிடித்தார். யோமைரா ஓடிப்போய் முதலில் அவனை அறைந்தாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவன் பெயர் கேப்டன் அன்னக்கூடை. மீசை முளைத்த பிறகு அந்தப் பெயரைச் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். அதனால் வீட்டுக்குள் மட்டும்தான் சொல்வாள்.

அவன் சிலி நாட்டுக்கு வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பிய காலையில் நான் அவள் வீட்டுச் சமையலறையில்தான் இருந்தேன். போகாதே என்று கெஞ்சியிருக்கலாம். கெஞ்ச அவளுக்குத் தெரியாது. "இந்தப் படியத் தாண்டினா எனக்கு மகனே கிடையாது, பாத்துக்க" என்றாள். அவன் ஒரு நிமிஷம் நின்றான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தாண்டினான். அம்மா சொல்லைத் தட்டாத பிள்ளை அவன். இந்தச் சொல்லையும் தட்டவில்லை. பழைய நம்பர் செத்துப்போனது. அவன் கூட்டாளிகளிடம் கேட்டோம், வேறு ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள். ஃபேஸ்புக்கில் தேடினால் அந்தப் பெயரில் ஊர்ப்பட்ட பேர் இருந்தார்கள், யாரும் எங்கள் எல்கின் இல்லை.

வருஷங்கள் ஓடிய பிறகு ஒருநாள் அவள் என்னிடம் வந்து, "மரிட்ஸா, நீ அந்த இன்டர்நெட்ல கடை வச்சிருக்கியே, அது எனக்கும் வேணும்" என்றாள். நான் தேங்காய் மிட்டாய் விற்கிறேன், அதைத்தான் சொன்னாள்.

"உனக்கெதுக்குடி? ஜனவரி வந்தா உன் வாசல்லயே கூட்டம் நிக்குதே."

"இங்க இருக்கறவங்களுக்கா? நம்ம ஊர்க்காரன் எங்க போனாலும் ஜனவரி வந்தா கை அரிக்கும். போன எடுத்து கார்னிவல், மரிமோந்தான்னு தேடுவான். தேடாம இருக்க முடியாது. தேடும்போது என் கடை கண்ணுல படட்டும்."

கடைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். "எல்கின் அம்மா மரிமோந்தா" என்றாள். மன்னித்துவிடு என்று சொல்லத் தெரியாதவள் அதற்குப் பதிலாகக் கடை திறக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. பெயர் 'கடை மக்குகள்'. வயசான காலத்தில் ஆன்லைன் கடை போட ஆசைப்பட்டு, அந்த மென்பொருளோடு மல்லுக்கட்டி மூக்குடைந்தவர்கள் எல்லாம் அதில் இருந்தோம். எங்கள் தலைவர் செஃபெரினோ. ரிட்டயரான பஸ் டிரைவர், சைக்கிள் டியூப் விற்பவர். எங்களில் முதன்முதலாக ஒரு கடையை உருப்படியாக நிறுத்திக் காட்டியவர் அவர்தான். எப்படி என்று அவருக்கே தெரியாது. அதனால் புதிதாக யார் வந்தாலும் அவர் கடையை அப்படியே நகல் எடுத்துக் கொடுத்துவிடுவோம். படத்தையும் விலையையும் மாற்றிக்கொண்டால் கடை தயார். என் தேங்காய் மிட்டாய்க்குக் கீழே ரொம்ப நாள் 'உயர்ந்த ரப்பர், எளிதில் பஞ்சர் ஆகாது' என்று இருந்தது. யாரோ ஒரு பெண் மிட்டாய் வாங்கிவிட்டு, 'விளம்பரம் உண்மைதான்' என்று விமர்சனம் போட்டாள். சனியன்.

யோமைரா ஊசியில் நூல் கோப்பவள்தானே, பொறுமை இருக்கும் என்று நினைத்தோம். பாவம், திண்டாடிப்போனாள். படத்தை ஏற்றினால் மரிமோந்தா தலைகீழாக நிற்கும். அளவு போட்டால் விலை காணாமல் போகும். "இந்தச் செட்டிங்ஸ எழுதினவன் என் கையில கிடைச்சா அவன் காதையும் சேத்துத் தச்சிருவேன்" என்று குழுவில் குரல் பதிவு போடுவாள். ஆளுக்கொரு யோசனை சொல்வோம். ஒருத்தர் சொன்னதைச் செய்தால் இன்னொருத்தர் சொன்னது உடையும். சோப்பு விற்கும் லுஸ் தாரி ஒருநாள் முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து படங்களை நிமிர்த்திக் கொடுத்தாள். கூலியாக, சோளமாவில் பொரித்த முட்டை அரேபாவும் வசவும் கிடைத்தன.

ஒரே ஒரு விஷயம் யாராலும் சரிசெய்ய முடியவில்லை. ஆர்டர் வந்தால் கடைக்காரருக்கு மெயில் வர வேண்டும். எங்கள் யாருக்கும் வராது. செஃபெரினோவுக்கும் வராது. "இதுல மெயில் வேலை செய்யாது, விடுங்க. காலைல எந்திரிச்சதும் ஆர்டர் பக்கத்தத் திறந்து பாத்துருங்க" என்பார். அதுதான் வழி என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. புதுக்கடை திறந்தால் அது வேலை செய்கிறதா என்று பார்க்க நாங்கள் எல்லோரும் போய் ஆளுக்கொரு பொய் ஆர்டர் போடுவோம். எங்கள் ஊரில் எதையும் கிண்டல் இல்லாமல் செய்ய முடியாதே. மேயரின் மாமியார் என்று ஒரு பெயர், சொட்டைத்தலை தேவதை என்று ஒரு பெயர். விலாசத்துக்குக் கல்லறைத்தோட்டம், இல்லாவிட்டால் கடைக்காரரின் வீட்டு விலாசத்தையே போடுவோம். போன் நம்பரில் மட்டும் ஓர் இலக்கத்தை விட்டுவிடுவோம். சம்பந்தமில்லாத யாரையும் போன் அடித்து எழுப்பக்கூடாதல்லவா? ஒன்பது இலக்கம் இருந்தால் அது பொய் ஆர்டர், சிரித்துவிட்டு அழித்துவிடலாம். இதை யோமைராவுக்கும் சொல்லிக்கொடுத்தோம். ஜோராகக் கற்றுக்கொண்டாள்.

டிசம்பரில், மாதாவுக்காக ஊரே மெழுகுவத்தி ஏற்றும் விடியற்காலையில், ரெண்டு பியர் உள்ளே போன தைரியத்தில் அவள் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டாள். தன் பையனைப் பற்றி, அன்னக்கூடையைப் பற்றி, வெள்ளத்தைப் பற்றி. வழக்கமாக உருட்டி மிரட்டும் குரல் அன்று உடைந்திருந்தது. யாரும் கிண்டல் செய்யவில்லை. எல்லோரும் ஆளுக்கொரு மெழுகுவத்திப் படம் அனுப்பினோம்.

அதற்குப் பிறகு வந்தது டிசம்பர் இருபத்தெட்டு. ஏமாற்றும் நாள். அன்று தாயும் பிள்ளையும்கூட ஒருவரையொருவர் ஏமாற்றலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. காலையிலிருந்தே மக்குகள் ஒருவர் கடையில் ஒருவர் பொய் ஆர்டரைக் கொட்டிக்கொண்டிருந்தோம். நான் யோமைராவின் கடையில் பேராயரின் டிரைவர் என்ற பெயரில் ஆறு முகமூடி கேட்டிருந்தேன்.

காபி குடித்துக்கொண்டிருந்தபோது குழுவில் அவள் குரல் பதிவு வந்தது. நல்ல வேளை, சின்னப் பிள்ளைகள் யாரும் பக்கத்தில் இல்லை.

"எந்த நாய்டா அது? கேப்டன் அன்னக்கூடைன்னு பேர் போட்டு ஆர்டர் குடுத்தது யாருடா? அட்ரஸ் என் வீடு. நம்பர்ல ஒரு இலக்கம் கம்மி. நாலு வயசு அளவு ஒண்ணு வேணுமாம். மெழுகுவத்தி வெளிச்சத்துல என் வயித்தத் தொறந்து காட்டினேன், அதுல வந்து கைய விட்டுக் கலக்குறீங்களா? ஏமாத்துற நாளாம். உங்க வீட்டு எழவுலயும் போய் இப்படித்தான் விளையாடுவீங்களா?"

நான் செருப்பைக்கூடப் போடாமல் அவள் வீட்டுக்கு ஓடினேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்த ஆர்டரில் வாங்கியவருக்குச் செய்தி எழுத ஒரு பெட்டி உண்டு. அதில் தன் கோபத்தையெல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறாள், போட்டவன் எவனோ அவன் கண்ணில் படட்டும் என்று. பிறகு ஆர்டரை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டாள். குப்பைத்தொட்டியைக் காலி செய்ய அவளுக்கு அழகாகச் சொல்லிக்கொடுத்தது எங்கள் குழுதான்.

"என்னடி எழுதின?"

"எழுத வேண்டியத எழுதினேன்" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

குழுவில் ஒவ்வொருவராகச் சத்தியம் செய்தார்கள். நான் இல்லை, நானும் இல்லை. செஃபெரினோ செத்துப்போன தன் மனைவி பேரில் சத்தியம் செய்தார். அந்த மனிதர் அதில் பொய் சொல்ல மாட்டார். "எவனோ ஒருத்தன் மறைக்கிறான்" என்றாள் யோமைரா. அப்போது லுஸ் தாரியின் பதிவு வந்தது. அவள் அக்கா சந்தியாகோவில் வீட்டு வேலை பார்க்கிறாள்.

"யோமைராக்கா, நம்பர் ஒன்பதுல ஆரம்பிச்சுதா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அக்கா... சிலி நாட்டுல போன் நம்பரே ஒன்பது இலக்கம்தான்க்கா."

தையல் மெஷின் நின்றது. அவள் என் முகத்தையே பார்த்தாள். "நாலு வயசு அளவு மரிட்ஸா" என்றாள். "அவனுக்குக் கொழந்த இருக்கு." பிறகு, "அது பொண்ணா பையனான்னு கூட எனக்குத் தெரியாதே" என்றாள். சண்டைக்காரி யோமைரா தைத்துக்கொண்டிருந்த துணியை வாயில் திணித்துக்கொண்டு அழுததை அன்றுதான் பார்த்தேன்.

அதன்பின் மக்குகள் எல்லோரும் சேர்ந்து பட்ட பாட்டைச் சொன்னால் ஒரு பக்கம் சிரிப்பு வரும். மென்பொருள்காரர்கள் கூடும் பெரிய மன்றத்தில் கதையை எழுதிக் கேட்டோம். ஸ்பெயினிலிருந்து ஒருவரும் மெக்சிகோவிலிருந்து ஒரு பெண்ணும் முகம் தெரியாத எங்களுக்காக உட்கார்ந்து பதில் எழுதினார்கள். பேக்கப் இருக்கிறதா என்று கேட்டார்கள். பேக்கப் என்றால் என்ன என்று நாங்கள் திருப்பிக் கேட்டோம். அந்த மெக்சிகோக்காரி 'ஐயோ அம்மா' என்று மட்டும் எழுதினாள். அந்த இரண்டு வார்த்தையில் எங்களுக்குப் புரிந்துவிட்டது.

யோமைராவுக்கு நம்பர் ஞாபகம் இல்லை. கோபத்தில் படித்தது எப்படி நிற்கும்? இன்றைக்கு ஒரு நம்பர் சொல்வாள், நாளைக்கு வேறு சொல்வாள். சொன்னதையெல்லாம் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு சிலிக்குப் போன் அடித்தோம். "எல்கின் இருக்காரா?" என்று கேட்டு, அந்த நாட்டு வசவெல்லாம் பாடமாகிவிட்டது. ஒரு கிழவர் மட்டும், எல்கின் இல்லை, ஆனால் பேசிக்கொண்டிருங்கள் என்றாராம். செஃபெரினோ அவருடன் அரைமணி நேரம் சைக்கிளைப் பற்றிப் பேசினார்.

இத்தனையிலும் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. மெயில்தான் வேலை செய்யாதே, அவள் எழுதிய வசவு அவனிடம் போயிருக்காது, அவன் மறுபடியும் கடைக்கு வருவான் என்று நினைத்தேன். அவளும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி பாதியில் ஒரு மத்தியானம் செஃபெரினோ சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஏறி வரவில்லை, உருட்டிக்கொண்டு வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து உட்கார்ந்தார்.

"தாயி, அந்த ஸ்பெயின்காரர் சொன்ன இடத்தத் திறந்து பாத்தேன். கடைக்காரர் மெயில்னு ஒரு கட்டம் இருக்கு. நான் அதப் பாத்ததே இல்ல. மென்பொருளோட சும்மா உதாரணத்துக்கு வந்த விலாசம் அதுலயே கெடந்திருக்கு. அப்படியொரு ஆளே கெடையாது. என் கடைய நகல் எடுத்த எல்லாருக்கும் அதே விலாசந்தான்."

"அதனாலதான் நமக்கு மெயில் வரலையா அண்ணே?" என்று நான் கேட்டேன்.

"நமக்குத்தான் வரல." அவர் தொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வாங்கினவங்களுக்குப் போய்க்கிட்டேதான் இருந்திருக்கு. லுஸ் தாரிய விட்டு ஒரு ஆர்டர் போடச் சொல்லி, அந்தப் பெட்டியில நானே எழுதிப் பாத்தேன். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள அவ போனுக்குப் போயிருச்சு."

யோமைரா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "அவன் பதில் போட்டிருந்தா?"

"அதுவும் அந்த இல்லாத விலாசத்துக்குத்தான் போயிருக்கும், தாயி. ஆளில்லன்னு திரும்பிப் போயிருக்கும்."

அப்போதுதான் அவள், அன்று என்ன எழுதினாள் என்பதைச் சொன்னாள். யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை, மனப்பாடம் ஒப்பிக்கிற குழந்தைபோலச் சொன்னாள்.

"'எனக்கு மகனே கிடையாது. இன்னொரு தடவை அந்தப் பேரோட என் வாசப்படி ஏறாதே.' இதான் எழுதினேன்."

செஃபெரினோவுக்கு அந்தப் பழைய காலையைப் பற்றித் தெரியாது. எனக்குத் தெரியும். அதே வார்த்தை. அவன் தாண்டிப்போன படியில் நின்று அவள் சொன்ன அதே வார்த்தையை, இத்தனை வருஷம் கழித்து அவன் வந்து கதவைத் தட்டியபோதும் சொல்லியிருக்கிறாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று தெருவில் யாரோ பிறகு சொன்னார்கள். சொன்னவளோடு நான் இன்றுவரை பேசுவதில்லை.

செஃபெரினோ ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமென்று, "அந்த அட்ரஸ் ஒண்ணும் கணக்கில்ல தாயி. என் கடையில வெளிநாட்டுக்கு அனுப்புற வசதியே நான் போடல. அது கொலம்பியா விலாசம் மட்டும்தான் வாங்கும். வேற வழியில்லாம உங்க வீட்டப் போட்டிருப்பான்" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று ஆட்டினாள்.

"அந்த ஊர்ல இத எங்க போட்டு ஆடும் அண்ணே அந்தக் கொழந்த? அங்க ஏது மரிமோந்தா? அவன் இங்க போடத்தான் கேட்டிருக்கான். கார்னிவலுக்குக் கூட்டிக்கிட்டு வரேன், தச்சு வைன்னு சொல்லியிருக்கான். என்னக் கேக்காம என் முன்னாடி வந்து நிக்க அவனுக்குப் பயம். அதனால கடையில வந்து கேட்டிருக்கான். நான் வராதேன்னுட்டேன்."

செஃபெரினோ சொன்னது சரியா, அவள் சொன்னது சரியா என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கார்னிவல் சனிக்கிழமை, ஊரே ஊர்வலத்துக்குப் போன நேரத்தில், அவள் போகவில்லை. உப்புக்கண்டம் போட்டுத் துவரை சூப் ஒரு பெரிய பானை நிறையக் காய்ச்சினாள், எல்கினுக்குப் பிடித்தது. வாசல் கதவை அகலத் திறந்து, செங்கல் முட்டுக்கொடுத்தாள். நாலு வயசு அளவில் தைத்த முகமூடியை வாசலுக்கு நேராக நாற்காலியில் வைத்தாள். மூக்கு பச்சை, காது மஞ்சள். நானும் அவளோடு உட்கார்ந்திருந்தேன். தெருவில் விசில் ஊதிக்கொண்டு மரிமோந்தாக்கள் போனார்கள். சின்ன உருவமாக யார் கடந்தாலும் அவள் எழுந்து நிற்பாள். ஒரு மரிமோந்தா வாசலில் நின்று எங்களைப் பார்த்துக் காதை ஆட்டியது. யோமைரா ஓடிப்போய் அதன் முகமூடியைப் பிடித்து இழுத்துவிட்டாள். உள்ளே பக்கத்துத் தெருப் பையன். அவன் பயந்து ஓடினான்.

சாயங்காலம் சூப்பைத் தெருவுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தாள். செங்கல்லை எடுத்துக் கதவைச் சாத்தினாள். அந்த முகமூடியைக் கதவின் உட்பக்கம் ஆணியில் மாட்டினாள்.

"குடுத்த அட்ரஸ் இதுதானே மரிட்ஸா. கொண்டுவந்து சேத்துட்டேன்" என்றாள்.

இப்போது எங்கள் குழுவில் யாரும் பொய் ஆர்டர் போடுவதில்லை. சொட்டைத்தலை தேவதை செத்துப்போனாள். மெயில் எல்லோருக்கும் ஒழுங்காக வருகிறது. வெளிநாட்டுக்கும் அனுப்பலாம், சிலி பெயர் பட்டியலில் முதலில் நிற்கிறது. யோமைராவுக்கு நிஜ ஆர்டர்கள் நிறைய வருகின்றன. குழந்தை அளவு கேட்டு வெளியூரிலிருந்து யார் ஆர்டர் போட்டாலும் போன் அடித்து, "கொழந்தையோட அப்பாவுக்கு எந்த ஊரு?" என்று கேட்கிறாள். சிலர் சொல்கிறார்கள், சிலர் வைத்துவிடுகிறார்கள்.

போன வாரம் போயிருந்தேன். ஆணியில் பழையது அப்படியே தொங்கியது. அவள் மெஷினில் புதிதாக ஒன்று, அதே பச்சை மூக்கு, அதே மஞ்சள் காது. இது அஞ்சு வயசு அளவு. தைத்ததைக் கையில் கவிழ்த்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எல்கினுக்குத் தல பெருசு. அதுவும் அப்பன மாதிரி இருந்தா இது பத்தாது" என்றாள்.

அவள் தையலைப் பிரித்து, ஓரத்தில் ஒரு விரல் அகலம் கூடுதலாக விட்டு, மறுபடியும் தைக்க ஆரம்பித்தாள்.